‘ஆன்ட்டி, ஒரு பத்து நிமிஷம் பேசலாமா?’

கிள்ளானில் ஓர் அரசாங்கக் கிளினிக். அம்மாவுக்கு இனிப்பு நீர் மருந்து எடுக்கும் நாள். எண் வர எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆகும். பக்கத்து நாற்காலி அம்மாவிடம் பூர்வீகத் தோட்டம், பிள்ளைகள், கோயில் திருவிழா என்று அம்மா ஒரு சுற்றுப் பேசி முடித்திருந்தார். அப்போது வெள்ளைக் கோட் போட்ட ஓர் இளம்பெண், கையில் சில தாள்களோடு வந்து குனிந்து கேட்டார்: “ஆன்ட்டி, ஒரு பத்து நிமிஷம் பேசலாமா? நான் மெடிக்கல் ஸ்டூடண்ட். ஓர் ஆய்வுக்காகச் சில கேள்வி கேக்கணும்.”

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார். “ஏம்மா, என்னை வச்சு ஆராய்ச்சி பண்ணப் போறியா?”

“ஊசி இல்ல, மருந்து இல்ல ஆன்ட்டி. பேச்சு மட்டும்தான். வேணாம்னா வேணாம்னு சொல்லிடலாம். உங்க டாக்டர், உங்க மருந்து எதுக்கும் இதோட சம்பந்தம் இல்ல.”

அம்மா சம்மதித்தார். மூன்றாவது கேள்வியிலேயே வண்டி நின்றுவிட்டது. “ஒரு வேளைக்குச் சோறு எவ்வளவு சாப்பிடுவீங்க?”

“கொஞ்சந்தாம்மா.”

“கொஞ்சம்னா?”

“கொஞ்சம்னா கொஞ்சந்தான்.”

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “வீட்டுல எந்தக் கரண்டியால சோறு போடுவீங்க ஆன்ட்டி? அள்ளிப் போடுற பெரிய கரண்டியா, சின்னதா? எத்தனை தரம்?” என்று கேட்டார். அம்மா விரல் விட்டு எண்ணினார். எங்கள் வீட்டுக் ‘கொஞ்சம்’ நான்கு பெரிய கரண்டி என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

வானொலியில் உடல்நல நிகழ்ச்சி செய்யும்போதெல்லாம், டாக்டர் பேசி முடித்த பிறகு சில நேயர்கள் தனியாகக் கேட்பார்கள்: “ஆஸ்பத்திரியில படிக்கிற பிள்ளைங்க பாரம் எடுத்துக்கிட்டு வர்றாங்க. பதில் சொல்லலாமா? கையெழுத்துப் போட்டா ஏதும் ஆயிடுமா?” கேட்பவர்கள் பெரும்பாலும் அறுபது வயதைத் தாண்டியவர்கள். ‘ஆராய்ச்சி’ என்ற சொல்லைக் கேட்டதும் அவர்களுக்கு நினைவுக்கு வருவது கூண்டில் அடைத்த வெள்ளை எலிதான். அவர்களுக்கும், மருத்துவம் படிக்கும் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

மருத்துவப் படிப்பில் ஆய்வும் ஒரு பாடம். பொதுச் சுகாதாரப் பிரிவுக்குப் போகும் காலத்தில் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வார்கள். விரிவுரையாளர் ஒருவர் வழிகாட்டுவார். வார்டிலும் கிளினிக்கிலும் நோயாளிகளைச் சந்தித்துச் செய்வது ஒரு வகை. இரத்த மாதிரி, உயிரணு, கிருமி என்று ஆய்வுக்கூடத்தில் மைக்ரோஸ்கோப்பின் முன் உட்கார்ந்து செய்வது இன்னொரு வகை. ஷா ஆலம் செக்‌ஷன் 13 பக்கம் மருத்துவ மாணவர்கள் நிறைய உண்டு. அங்கே ஒரு மாமாக் கடையில் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்து, தேத்தாரே ஆறிப் போவதுகூடத் தெரியாமல் வாதாடிக்கொண்டிருந்தால் தேர்வுக்குப் படிக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 200 பேரிடம் கேட்டால் போதுமா, 300 பேர் வேண்டுமா என்பதற்காகவும் அந்தச் சண்டை நடக்கலாம்.

புழுங்கல் அரிசி சொன்ன பதில்

ஷா ஆலமில் இன்னொரு முகவரியும் உண்டு. பலர் அதைத் தாண்டி தினமும் வேலைக்குப் போகிறார்கள், பெயர்ப் பலகையைப் படித்திருக்க மாட்டார்கள். செத்தியா ஆலாமில் சுகாதார அமைச்சின் தேசிய சுகாதாரக் கழகங்களின் வளாகம் இருக்கிறது. ஆறு ஆய்வுக் கழகங்களுக்கு அதுதான் வீடு. செத்தியா ஆலாம் வீடமைப்புப் பகுதியாக மாறுவதற்கு முன்னால் அது நார்த் ஹம்மோக் தோட்டம். நம் தாத்தா பாட்டிகள் வேலை செய்த மண். நாட்டின் மருத்துவ ஆய்வுத் தலைமையகம் இன்று அங்கே நிற்கிறது.

அந்த ஆறில் மூத்தது ஐ.எம்.ஆர். எனப்படும் மருத்துவ ஆய்வுக் கழகம். 1900-இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் மலாயாவை ஆட்டிப் படைத்த நோய்களில் ஒன்று பெரிபெரி. கால் மரத்துப் போகும், வீங்கும், நடக்க முடியாது, கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். கிருமியா, ஈரக் காற்றா, அசுத்தமான தங்குமிடமா என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1903-இல் திரும்பிய வூ லியன் தே என்ற இளம் மருத்துவரும் ஐ.எம்.ஆரில் சேர்ந்து இதே பெரிபெரியைத்தான் ஆராய்ந்தார். பிற்காலத்தில் மஞ்சூரியாவில் பிளேக் நோயை அடக்கியவர் அவரே. மருத்துவப் பணியாளர்கள் துணி முகக்கவசம் போட வேண்டும் என்று அப்போதே வற்புறுத்தியவரும் அவர்தான்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் வேறொன்றைக் கவனித்தார். ஒரே ஊர், ஒரே வெயில், அருகருகே தங்குமிடம். அப்படியும் தமிழர்களுக்கு இந்த நோய் ஏறக்குறைய வருவதே இல்லை. ஏன்? அடுப்பில் வேறுபாடு இருந்தது. சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி.

பலர் இதை நம்பவில்லை. நம்பாதவர்களில் ஒருவர் கோலாலம்பூர் மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர். 1905-இன் இறுதியில் கோலாலம்பூர் மனநோய்க் காப்பகத்தில் ஒரு சோதனை தொடங்கினார். நோயாளிகளை வரிசையாக நிற்க வைத்து எண் சொல்ல வைத்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு வார்டு, இரட்டைப்படை எண்காரர்கள் இன்னொரு வார்டு. ஒரு வார்டுக்குத் தீட்டிய அரிசி, மற்ற வார்டுக்குப் புழுங்கல் அரிசி. கட்டடத்தில் ஏதாவது குற்றம் இருக்குமோ என்ற சந்தேகம் தீர, பாதியில் இரண்டு கூட்டத்தையும் வார்டு மாற்றிப் போட்டார். தீட்டிய அரிசி சாப்பிட்ட பக்கத்தில் பலருக்கு பெரிபெரி வந்தது, சிலர் இறந்தும் போனார்கள். புழுங்கல் அரிசிப் பக்கம் நோய் எட்டிப் பார்க்கவில்லை என்றே சொல்லலாம். 1907-இல் ‘லான்செட்’ இதழில் அவர் இதை எழுதினார். ஐ.எம்.ஆரின் ஃபிரேசரும் ஸ்டான்டனும் சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளர்களிடம் இரண்டு அரிசியையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்து, காரணம் அரிசிதான் என்று உறுதி செய்தார்கள்.

நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போகாது. அந்தச் சத்துக்குத் தையமின், வைட்டமின் பி1 என்றெல்லாம் பெயர் வந்தது பின்னால்தான். 1926-இல் ஜாவாவில் அதைத் தனியே பிரித்தெடுத்தார்கள். நம் பாட்டிகளுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. அவர்கள் சோற்றுப் பானையை மட்டும் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தக் கதையில் எனக்கு நெருடும் இடம் ஒன்று உண்டு. அந்தக் காப்பகத்து நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. எண் சொல்லி வரிசையில் நின்றார்கள், போட்ட சோற்றைச் சாப்பிட்டார்கள், சிலர் செத்தார்கள். அம்மாவின் ‘என்னை வச்சு ஆராய்ச்சி பண்ணப் போறியா’ என்ற கேள்வி விளையாட்டுக் கேள்வி இல்லை.

மாணவர் கண்ணில் பட்ட தீவுகள்

‘படிக்கிற பிள்ளைங்க என்னத்தைக் கண்டுபிடிச்சிடப் போறாங்க’ என்று கேட்பவர்களுக்கு, நம் வீடுகளில் பிரிட்ஜ் கதவில் இருக்கும் இன்சுலின் பேனாவையே காட்டலாம்.

1869-இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மாணவருக்கு வயது 21. பட்ட ஆய்வுக்காகக் கணையத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். மற்ற உயிரணுக்களிலிருந்து வேறுபட்டு, சின்னச் சின்னத் தீவுகளைப் போல் சில கூட்டங்கள் தெரிந்தன. வரைந்தார், விவரித்தார். அவை எதற்காக இருக்கின்றன என்பது தமக்குத் தெரியவில்லை என்றும் எழுதி வைத்தார். 20 ஆண்டு கழித்து 1889-இல் ஸ்டிராஸ்பர்கில், கணையத்தை எடுத்த நாய்க்கு நீரிழிவு வருவதை மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் கண்டார்கள். அந்தத் தீவுகளுக்கு லாங்கர்ஹான்ஸ் பெயரே வைக்கப்பட்டது.

1921-ஆம் ஆண்டு கோடை விடுமுறை. கனடாவின் டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் பேண்டிங் என்ற இளம் அறுவை மருத்துவருக்குத் துணையாக ஒரு மாணவர் தேவைப்பட்டார். இரண்டு மாணவர்கள் இருந்தார்கள். யார் முதலில் போவது என்று காசு சுண்டிப் பார்த்தார்கள். சார்ல்ஸ் பெஸ்ட்டுக்கு விழுந்தது. வயது 22, அப்போதுதான் பட்டம் முடித்திருந்தார், மருத்துவப் பட்டம் வாங்கியதெல்லாம் பிறகுதான். பேராசிரியர் மெக்லியோட் கொடுத்த ஆய்வுக்கூடத்தில், வெயிலில், நாய்களோடு இருவரும் மல்லுக்கட்டினார்கள். இரத்தச் சர்க்கரையை அளந்தது பெஸ்ட்டின் வேலை. 1922 ஜனவரி 11-இல் டொரொன்டோ மருத்துவமனையில் சாகக் கிடந்த 14 வயது லியோனார்ட் தாம்சனுக்கு முதல் ஊசி போட்டார்கள். சரியாக வேலை செய்யவில்லை. கோலிப் என்ற உயிர்வேதியியலாளர் மருந்தைச் சுத்தப்படுத்திக் கொடுத்த பிறகு, 23-ஆம் தேதி மறுபடி போட்டார்கள். பையன் பிழைத்தான். அடுத்த ஆண்டு நோபல் பரிசு பேண்டிங்குக்கும் மெக்லியோடுக்கும் போனது. பெஸ்ட்டின் பெயர் அதில் இல்லை என்று கோபித்துக்கொண்ட பேண்டிங் தன் பங்குப் பணத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தார்.

இங்கே பாரம் தூக்கிக்கொண்டு வரும் எல்லாப் பிள்ளைகளும் இன்சுலின் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலான மாணவர் ஆய்வுகள் ஒரு போஸ்டரில் தொடங்கி அந்தப் போஸ்டரிலேயே முடிந்துவிடும். சில பேர் சான்றிதழுக்காக மட்டும் செய்கிறார்கள். இதை ஒரு மாணவரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்: “அக்கா, நாங்க கேக்கிற கேள்விய போன வருஷ பேட்ச் கேட்டாச்சு, அதுக்கு முந்தின பேட்ச்சும் கேட்டாச்சு.” பதில் சொன்ன நோயாளிக்கு முடிவு என்ன ஆனது என்று யாரும் வந்து சொல்வதும் அபூர்வம். இது சரியில்லை என்றுதான் நினைக்கிறேன். பத்து நிமிஷம் கொடுத்தவருக்கு ஒரு பக்கத் தாளாவது திரும்பி வர வேண்டாமா?

ஆனாலும் பதில் சொல்லுங்கள் என்றுதான் நேயர்களிடம் சொல்கிறேன். செத்தியா ஆலாமில் இருக்கும் பொதுச் சுகாதாரக் கழகம் எடுத்த 2019-ஆம் ஆண்டின் தேசிய ஆய்வுப்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் பெரியவர்களை மனத்தில் வரிசையாக நிறுத்தி மூன்று மூன்றாக எண்ணிப் பாருங்கள். நூறு ஆண்டுக்கு முன்னால் நம் சோறு நம்மைக் காப்பாற்றியது. இன்று அதே சோறு, நான்கு பெரிய கரண்டியாக, டாக்டரின் கவலைப் பட்டியலில் இருக்கிறது.

இத்தனை விழுக்காடு என்று கணக்குப் போட்டுவிடலாம். ஏன் என்று தெரிந்துகொள்ள ஆள் பேச வேண்டும். நம்மவர்கள் மருந்தை ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள்? இன்சுலின் என்றதும் ஏன் ‘கடைசிக் கட்டம்’ என்று பயப்படுகிறார்கள்? பாகற்காய்ச் சாறும் ஏதோ ஒரு கஷாயமும் குடிப்பதை டாக்டரிடம் ஏன் மறைக்கிறார்கள்? மலாயில் கேட்டால் ‘தாக் அடா’ என்று சுருக்கமாகப் பதில் வரும். தமிழில், அதுவும் பேத்தி வயதில் ஒரு பெண் உட்கார்ந்து கேட்டால், “டாக்டர்கிட்ட சொல்லிடாதம்மா” என்ற முன்னுரையோடு உண்மை வெளியே வரும். தமிழ் பேசும் மருத்துவ மாணவர் ஒருவர் ஆய்வுக் குழுவில் இருந்தால் என்ன லாபம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. அன்று கரண்டிக் கணக்கு கேட்ட பெண்ணின் பாரத்தில் ‘கொஞ்சம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தத் தாளால் யாருக்கு என்ன பயன்?

கையெழுத்துக்கு முன்னால்

இன்றைய நிலை 1905 இல்லை. நாஜி முகாம்களில் மனிதர்கள் மீது நடந்த கொடுமைகளுக்குப் பிறகு 1947-இல் நியூரம்பெர்க் விதிகள் வந்தன, 1964-இல் ஹெல்சிங்கி பிரகடனம் வந்தது. சம்மதம் இல்லாமல் ஒருவரை ஆய்வில் சேர்க்கக் கூடாது என்பது அடிப்படை. மலேசியாவில் சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் நடக்கும் ஆய்வுகள் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிவாக வேண்டும், நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். மாணவர் ஆய்வு என்பதற்காக இதில் சலுகை கிடையாது. அனுமதிக்காகக் காத்திருப்பதிலேயே பாதி நாள் போகிறது என்று பிள்ளைகள் புலம்புவார்கள். புலம்பட்டும்.

ஆகவே யாராவது பாரத்தோடு வந்தால் தயங்காமல் கேளுங்கள். எந்தப் பல்கலைக்கழகம், பொறுப்பாளர் யார், அனுமதி எண் என்ன? என் பெயரும் அடையாளக் கார்டு எண்ணும் எங்கே போகும்? இரத்தம் எடுப்பார்களா, எடுத்தால் எதற்கு, மிச்சத்தை என்ன செய்வார்கள்? தகவல் தாளின் ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போகவும் உங்களுக்கு உரிமை உண்டு, பாதியில் எழுந்து போகவும் உரிமை உண்டு. மறுத்தால் மருந்து கிடைக்காதோ, மிஸி முகம் சுளிப்பாரோ என்ற பயம் நம் பெரியவர்களுக்கு நிறைய இருக்கிறது. வாசிக்கத் தெரியாத மொழியில் இருக்கும் தாளில் அந்தப் பயத்திலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதற்குப் பெயர் சம்மதம் இல்லை.

பெற்றோரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். “ஆராய்ச்சியெல்லாம் எதுக்கு, பாஸ் பண்ணிட்டு ஹவுஸ்மேன்ஷிப் போனாப் போதும்” என்று பிள்ளையிடம் சொல்லும் அப்பாக்களை எனக்குத் தெரியும். கடன் வாங்கிப் படிக்க வைக்கிறவர்களின் அவசரம் புரிகிறது. ஆனால் நிபுணத்துவப் படிப்புக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு ஆய்வு அனுபவம் கைகொடுக்கும். அதையும் தாண்டி, மருந்து நிறுவனத்தார் கொண்டுவந்து நீட்டும் புள்ளிவிவரத்தை அப்படியே நம்பாமல், ‘எத்தனை பேரிடம் சோதித்தீர்கள், எதோடு ஒப்பிட்டீர்கள்’ என்று கேட்கும் டாக்டராக அவர் வருவார். பிள்ளை தமிழ்நாட்டிலோ பெங்களூரிலோ படிக்கிறாரா? இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1979-இலிருந்தே எம்.பி.பி.எஸ். மாணவர்கள் ஓர் ஆசிரியரின் கீழ் இரண்டு மாதம் ஆய்வு செய்ய உதவித்தொகை கொடுத்து வருகிறது. மலேசிய மாணவர் தகுதி பெறுவாரா என்பதைக் கல்லூரியிலேயே விசாரித்துக்கொள்ளலாம்.

அண்மையில் ஷா ஆலமில் படிக்கும் இன்னொரு மாணவி, தன் ஆய்வுத் தகவல் தாளின் தமிழாக்கத்தை எனக்கு அனுப்பி, “அக்கா, ரேடியோவில பேசுற மாதிரி இருக்கா பாருங்க” என்றார். பார்த்தேன். ‘பங்கேற்பாளரின் தரவுகள் இரகசியமாகப் பேணப்படும்’ என்று இருந்தது. இரகசியம் என்ற சொல்லைப் பார்த்தாலே கிழவிகள் எழுந்து போய்விடுவார்கள் என்றேன். ‘உங்கள் பெயரை யாரிடமும் சொல்ல மாட்டோம்’ என்று மாற்றினோம். ‘தன்னார்வப் பங்கேற்பு’ என்பதை ‘விருப்பம் இருந்தால் மட்டும் சேரலாம்’ என்று ஆக்கினோம். ஒரு பக்கத் தாளுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. பிறகு அவர் அதைத் தன் பாட்டிக்கு வாசித்துக் காட்டினாராம். பாட்டி முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: “இதுக்குச் சாப்பிடாம வரணுமா?”

அது தாளில் எங்கேயும் இல்லை. இப்போது முதல் வரியில் இருக்கிறது.